ஆறாவது கதவுக்குப் பின்னால் இருமியவர்

குதிரைப்பள்ளத் தோட்டம்,
கீழ்ப் பிரிவு,
லிந்துலை.
5.9.1961

திம்புள்ளப் பக்கத்தில் எல்லோரும் மதிக்கும் பெரியவரும், எங்கள் வீட்டுக் காப்பியை இன்னும் குடிக்காதவருமான திரு. அழகுமுத்து அவர்களுக்கு, கந்தப்பன் கைகூப்பி எழுதிக்கொள்வது.

இங்கு நானும் என் மனைவி அம்மாக்கண்ணுவும் மகள் லெட்சுமியும் முருகன் புண்ணியத்தில் சுகம். அங்கே நீங்களும் உங்கள் வீட்டு அம்மாவும் மாப்பிள்ளைத் தம்பியும் மழைக்கும் சளிக்கும் தப்பி நலமாக இருக்க வேண்டும். மேலே 'சம்பந்தி அவர்களுக்கு' என்று எழுதி, பிறகு அடித்துவிட்டு, பெயரை எழுதியிருக்கிறேன். அடித்த இடம் உங்கள் கண்ணில் பட்டிருக்கும். கடிதத்தை முழுக்கப் படித்த பிறகு, எது சரி என்று நீங்களே வைத்துக்கொள்ளலாம்.

போன மாதம் இருபத்தேழாம் தேதி ஞாயிற்றுக்கிழமை நீங்கள் குடும்பத்தோடு பெண் பார்க்க வந்தீர்கள். மழை தூறிக்கொண்டிருந்தது, மூடுபனி வாசல்வரை வந்துவிட்டது, ஆனாலும் நீங்கள் சிரித்த முகத்தோடுதான் லயத்து வரிசை வீடுகளில் எங்கள் காம்பராவுக்குள் வந்து உட்கார்ந்தீர்கள். காப்பி கொதிக்கும் நேரத்தில் என் காதருகே குனிந்து, "கொஞ்சம் வெளிய போயிட்டு வரணுமே" என்று கேட்டீர்கள். நானும் மிகுந்த பெருமையோடு, "லயத்துக்குக் கீழ வரிசையா ஆறு கக்கூஸ் இருக்குங்க, கடைசி கதவு விருந்தாளிகளுக்கு, அதுக்கு மட்டும் பூட்டு இல்லீங்க" என்று வழிகாட்டினேன். போனவர் ஒரு மணி நேரம் வரவில்லை. வந்தபோது உங்கள் முகம் வெள்ளைத் துணி மாதிரி இருந்தது. குடையை எடுத்தீர்கள். வீட்டு அம்மாவைக் கண்ணால் கூப்பிட்டீர்கள். "வர்றோம்" என்றுகூடச் சொல்லாமல், வழுக்குகிற படியில் அந்த வயதில் அப்படி ஒரு வேகத்தில் இறங்கிப் போனீர்கள். அம்மாக்கண்ணு முறுக்குத் தட்டோடு கதவடியில் நின்றது நின்றபடி இருந்தாள். நடந்தது என்னவென்று எங்களுக்கு மூன்று நாள் கழித்துத்தான் தெரிந்தது. லிந்துலை பஸ் நிற்கிற இடத்துத் தேத்தண்ணிக் கடையில் நீங்கள் சொன்னதை, எங்கள் லயத்து வேலாயியின் தம்பி அங்கே குந்தியிருந்து கேட்டிருக்கிறான். கதவைத் தட்டினீர்களாம், உள்ளே யாரோ இருமினார்களாம். "பரவால்லீங்க, மெதுவா வாங்க" என்று சொல்லிவிட்டு மழையில் நின்றீர்களாம். மறுபடியும் தட்டினீர்களாம், மறுபடியும் இருமலாம். இப்படி ஒரு மணி நேரம் நின்று, கடைசியில் குனிந்து கதவுக்குக் கீழே இருக்கிற சந்துவழியாகப் பார்த்தீர்களாம். உள்ளே கால்களே இல்லையாம். "பேய் குடியிருக்கிற லயத்துல பொண்ணெடுக்க மாட்டேன்" என்று தேத்தண்ணிக்காரரிடம் சத்தியம் பண்ணினீர்களாம்.

ஐயா, உங்களை நான் குறை சொல்லவில்லை. அந்த இருமலை எங்கள் லயத்தில் கேட்காதவர்கள் இல்லை. உங்களுக்கு முன்கூட்டியே சொல்லாததும், என் வீட்டுச் சாவியைக் கையில் கொடுக்காமல் பெருமை பேசி அங்கே அனுப்பியதும் என் தப்பு. ஆனால் பெண் பார்க்க வந்தவரிடம், காப்பி வருவதற்குள், எப்படி ஐயா அதைச் சொல்வது? ஆகவே முதலிலிருந்து எழுதுகிறேன். நிதானமாகப் படியுங்கள்.

இரண்டு வருடங்களுக்கு முன்னால் மழைக்காலத்தில் எங்கள் லயத்தில் நெருப்புக் காய்ச்சல் வந்தது. இருபது காம்பராவில் பதினேழு பேர் படுத்தார்கள். மூன்று பேர் போய்விட்டார்கள். அதில் ஒருத்தி பழனியாண்டி மீனம்மா தம்பதியின் மகள், ராசம்மா என்று பெயர், ஒன்பது வயது. அவளைப் புதைத்துவிட்டு வந்த மறுநாள் காலையில் பழனியாண்டியும் மீனம்மாவும் பெரட்டுக்களத்தில் வேலைக்குப் பெயர் கொடுக்க நின்றார்கள். எங்கள் தோட்டத்து மருந்துக்காரர் இக்னேசியஸ் ஐயாவை உங்களுக்குத் தெரியாது. வேதக்காரர், நல்ல மனிதர், ஆனால் வாய் திறந்தால் யாருக்கும் சாப்பாடு இறங்காது. அவர் எங்கள் எல்லோரையும் கோவில் முன்னால் கூட்டிவைத்து, "மேல் லயத்து ஆளுங்க காலையில ஆத்தோரம் போறத, கீழ் லயத்து ஆளுங்க மத்தியானம் குடிக்கிறீங்க. இதுக்கு மேல நான் என்னத்த வெளக்கி சொல்றது?" என்று கேட்டார். குடத்தோடு வந்திருந்த வேலாயி குடத்தை மெதுவாகக் கவிழ்த்தாள்.

அன்றைக்கே கமிட்டி வைத்தார்கள். தலைவராக என்னைப் போட்டார்கள். நான் வேண்டாம் என்றேன். "அண்ணே, தொர பங்களாவுல இருபத்திரெண்டு வருசம் அப்புவா இருந்தவரு நீங்க. இந்த லயத்துலயே ஒழுங்கான கக்கூஸ கண்ணால கண்ட ஒரே ஆளு நீங்கதான்" என்றார்கள். துரைமார்களுக்கு ரொட்டி சுட்டு, கோழி பொரித்து, வெள்ளிக் கரண்டி துடைத்த கை இது. ஓய்வு பெற்ற பிறகு அந்தக் கையில் மண்வெட்டியைக் கொடுத்து, இத்தனை அடி ஆழம், இத்தனை அடி அகலம் என்று அளக்கவைத்துவிட்டார்கள். ஒன்றரை வருடம் ஞாயிற்றுக்கிழமை ஒன்றுகூட விடாமல் வேலை செய்தோம். முதலில் மலைக்கு மேலே ஊற்றைக் கல் வைத்துக் கட்டி மூடி, அங்கிருந்தே தண்ணீர் வரும்படி பீலியை மாற்றினோம். பிறகு குழி வெட்டினோம். தகரமும் சீமெந்தும் துரை கொடுத்தார். கொடுக்கும்போதே, "பாவிக்காமல் காலியாக வைத்திருந்தால் தகரத்தை எல்லாம் கழற்றிக் கொண்டுபோய்விடுவேன்" என்று மேற்பார்வை பார்க்கிற கண்டாக்கையா மூலம் சொல்லியனுப்பினார். நாலு காம்பராவுக்கு ஒரு கக்கூஸ், அதற்கு ஒரு பூட்டு, சாவி அந்த நாலு வீட்டாரிடம். இப்படி ஐந்து. ஆறாவது பொது. வருகிற விருந்தாளிக்கு என்று என் யோசனையில் கட்டியது. வெளியே பூட்டு வைக்காமல், உள்ளே மட்டும் நல்ல கனமான தாழ்ப்பாள் ஒன்று வைத்தோம். ஐயா, இப்போது நினைத்தால் என் யோசனையை நானே அடித்துக்கொள்ள வேண்டும் போல இருக்கிறது.

இந்த வருடம் சித்திரையில் திறந்தோம். இக்னேசியஸ் ஐயா தன் கையால் முதல் பூட்டைத் திறந்தார். பத்து நாள் ஒரு குறையுமில்லை. பதினோராம் நாள் மாலை வேலாயி தண்ணீர்ப் பேணியோடு என்னிடம் வந்து, "அண்ணே, ஆறாவதுக்குள்ள யாரு? அரைமணி நேரமா நிக்கிறேன், கதவ தட்டுனா இருமுறாங்க, வாரதா காணோம்" என்றாள். அவள் வீட்டுச் சாவி கொழுந்து மலையில் எங்கேயோ விழுந்துவிட்டதால் பொதுவுக்குப் போயிருக்கிறாள். "யாராச்சும் வயித்துவலிக்காரங்களா இருக்கும்" என்றேன். மறுநாளும் அப்படித்தான். அதற்கடுத்த வாரம் பழனியாண்டி வந்து சொன்னான். முதல் தட்டுக்குச் சத்தமில்லை, இரண்டாவது தட்டுக்குச் சத்தமில்லை, மூன்றாவது தட்டுக்கு மிகவும் மரியாதையாக ஒரே ஒரு இருமல். வேலாயி அது பொம்பளை இருமல் என்றாள். பழனியாண்டி வயசான ஆம்பளை என்றான். இக்னேசியஸ் ஐயா, "எல்லாம் வீண் பயம்" என்று சொல்லிக்கொண்டு காதில் மாட்டுகிற குழாயோடு வந்து, அதன் வாயைக் கதவுத் தகரத்தில் வைத்து, கண்ணை மூடிக் கேட்டார். நாங்கள் எல்லாம் பத்தடி தள்ளி நின்றோம். மூடுபனி தகரக் கூரைமேல் உட்கார்ந்திருந்தது. கடைசியில் அவர் குழாயைச் சுருட்டிப் பைக்குள் போட்டுக்கொண்டார். "என்னங்க ஐயா?" என்றேன். "சளி இல்லாத இருமலு கந்தப்பன்" என்றார். கொஞ்ச தூரம் நடந்த பிறகு திரும்பி, "மூச்சு விடுற சத்தத்தயும் தேடிப் பாத்தேன்" என்று மட்டும் சொன்னார். கிடைத்ததா இல்லையா என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

இதற்கொரு முடிவு கட்ட வேண்டும் என்று ஆனி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை உச்சிப்பொழுதில் லயத்து ஆட்கள் எல்லோரையும் கக்கூஸ் வரிசைக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்தினேன். காய்ச்சலில் கிடந்தவர்களையும் போர்வையோடு தூக்கிவந்தார்கள். கைக்குழந்தை முதல் கிழவர் வரைக்கும் காம்பரா காம்பராவாகப் பெயர் கூப்பிட்டேன். நூற்றுப் பன்னிரண்டு பேர். ஒருத்தர் மட்டும் இல்லை. "மீனம்மா எங்க?" என்றேன். "வெறகுக்கு போயிருக்கா" என்றான் பழனியாண்டி. மற்றபடி கணக்குச் சரி. எல்லோரும் வெளியே நிற்கிறோம் என்று எல்லோருக்கும் நிச்சயமான பிறகு, நான் ஆறாவது கதவிடம் போய்த் தட்டினேன். ஒன்று. இரண்டு. மூன்று. உள்ளே இருந்து இருமல் வந்தது. ஐயா, யாரும் கத்தவில்லை, யாரும் ஓடவில்லை. கத்தியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். நூறு பேரும் முகத்தைக் கதவுப் பக்கம் வைத்தபடியே, ஒரு அடி, இன்னொரு அடி என்று பின்பக்கமாக நடந்தார்கள். அழுதுகொண்டிருந்த பிள்ளைகள் எல்லாம் வாயை மூடிக்கொண்டன. அந்த அமைதியில் தூரத்துப் பீலியில் தண்ணீர் விழுகிற சத்தம் மட்டும் கேட்டது.

பிறகு ஆளுக்கொரு கதை கிளம்பியது. தேயிலைக்கு முன்னால் காப்பி பயிரிட்ட காலத்தில் இந்தப் பள்ளத்தில்தான் பேதி கண்டவர்களைக் கொத்தாகப் புதைத்தார்கள் என்றார்கள். ஆறாவது குழியை ஒரு அடி தள்ளி வெட்டியிருக்க வேண்டும் என்றார்கள். தலைவர் நான் என்பதால் அந்த ஒரு அடி என் தலையில் விழுந்தது. சேவல் அறுத்தோம். சூடம் கொளுத்தினோம். பூசாரி மூன்று தடவை சுற்றிவந்து கதவில் விபூதி அடித்துவிட்டு, "உள்ள இருக்கிறது யாரு, பேரச் சொல்லு!" என்று அதட்டினார். உள்ளே இருந்து இருமல் வந்தது. "சரி, சரி, இருந்துட்டு வா" என்று பூசாரி தன்னையறியாமல் சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு எங்கள் பக்கம் வருவதில்லை.

ஆடி மாதத்தில் ஒரு புதன்கிழமை பதினொரு மணிக்கு, ஆட்கள் எல்லோரும் மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த நேரம், சுகாதாரப் பரிசோதகர் ஐயா வந்தார். சிங்களவர், குடையும் கொப்பியுமாக வந்த நல்ல மனிதர். ஐந்தையும் திறந்து காட்டினேன். ஆறாவதைக் காட்டாமல் மேலே கூட்டிப் போகப் பார்த்தேன். அவர் தானே போய்த் தட்டிவிட்டார். இருமல் வந்தது. "சமாவென்ன" என்று மன்னிப்புக் கேட்டு இரண்டு அடி தள்ளி நின்றுகொண்டார். இருபது நிமிடம் நின்றார். கடைசியில் அவர் கொப்பியில் ஏதோ எழுதிக்கொண்டு, "ஹொந்தாய், ஹொந்தாய்" என்று என் தோளைத் தட்டி, அரைகுறைத் தமிழில், "நான் பாக்கிற தோட்டம் எல்லாம் கக்கூஸ் உள்ளே வெறகு, ஆடு. இங்க மட்டும்தான் மனுசன் இருக்கு" என்று பாராட்டிவிட்டுப் போனார்.

சிரிக்காதீர்கள் ஐயா. சிரிப்பு அதோடு முடிந்துவிட்டது. பயத்தில் முதலில் மூன்று குடும்பம், பிறகு மொத்தம் ஆறு குடும்பம் சாவியை என் வீட்டில் கொண்டுவந்து வைத்துவிட்டு மறுபடியும் ஆற்றோரம் போக ஆரம்பித்தார்கள். ஆவணி பிறந்ததும் பகலில் பிள்ளைகளை விடுகிற பிள்ளைக்காம்பராவில், ஆற்றில் அளைந்து விளையாடிய நாலு குழந்தைகளுக்கு வயிற்றால் போனது. இக்னேசியஸ் ஐயா என்னைக் கூப்பிட்டு, "பேயால இதுவரைக்கும் ஒருத்தரும் சாகல கந்தப்பன். தண்ணியால மூணு பேரு செத்திருக்காங்க. நீங்க எதுக்கு பயப்படுறீங்க?" என்று கத்தினார். பெரிய மனிதர் கண்ணில் தண்ணீர். அந்த வாரத்தில்தான் நீங்கள் வந்தீர்கள். வந்த விதமும் போன விதமும் உங்களுக்கே தெரியும். வேலாயியின் தம்பி சேதி கொண்டுவந்த அன்றைக்கு லெட்சுமி ஒரு வார்த்தை பேசவில்லை. அம்மாக்கண்ணு பேசிய வார்த்தைகளை எழுதுவதற்கு இந்தக் காகிதம் போதாது.

அதனால்தான் நேற்று முன்தினம், மூன்றாம் தேதி ஞாயிற்றுக்கிழமை சாயந்தரம், இரும்பு அலவாங்கை எடுத்துக்கொண்டு நானே போனேன். ஆறாவதை இடித்துத் தரைமட்டமாக்கிவிடுவது, தகரத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுவது, மிச்ச ஐந்தையாவது காப்பாற்றிக்கொள்வது என்று முடிவு. பின்னால் பழனியாண்டி, வேலாயி, இக்னேசியஸ் ஐயா, லயத்து ஆட்கள் பாதிப்பேர். மூடுபனியில் என் கையில் இருந்த அலவாங்கின் முனையே எனக்குத் தெரியவில்லை. கதவுக்கு முன்னால் நின்றதும் பங்களாப் பழக்கம் விடவில்லை. தட்டாமல் ஒரு அறைக்குள் நான் போனதே இல்லை. தட்டினேன். இருமல் வந்தது. எனக்கு என்னவோ போல ஆகி, வாய்விட்டுப் பேசிவிட்டேன். "இங்க பாருங்க, நீங்க யாரா இருந்தாலும் சரி. எனக்கு இருக்கிறது ஒரே மக. நல்ல எடம் வந்துச்சு, உங்களால போச்சு. புள்ளைங்களுக்கு பழையபடி வயித்தால போவுது. நான் இப்ப கதவ ஒடைக்கப் போறேன். கோவிச்சுக்காதீங்க" என்றேன்.

உள்ளே இருந்து ஒரு குரல், "ஒரு நிமிசம் இருங்கண்ணே" என்றது.

ஐயா, என் கையில் இருந்த அலவாங்கு என் காலில்தான் விழுந்தது. இன்னும் வீங்கியிருக்கிறது. தாழ்ப்பாள் நகர்கிற சத்தம் கேட்டது. கதவு திறந்தது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தவள் மீனம்மா. கண் இரண்டும் வீங்கிச் சிவந்திருந்தன.

"ஏய், நீயா?" என்றான் பழனியாண்டி.

"நான்தான்" என்றாள். "வேற எங்க போயி அழுவுறது?"

அவள் புருசனைப் பார்க்காமல் என்னைப் பார்த்தே சொன்னாள். "அண்ணே, எங்க காம்பராவுல ஒம்பது பேரு. அடுப்புப் பக்கம் அழுதா மாமியா, 'வீடு வெளங்காம போயிரும்'னு ஏசும். மலையில அழுதா கங்காணி, 'கை ஏன் நிக்குது'ன்னு கேப்பாரு. பீலியில அழுதா பின்னாடி பதினஞ்சு கொடம் நிக்குது. புள்ளைய பொதைச்ச மறுநாளு பெரட்டுக்கு போனேன். அதுக்கப்புறம் அழுவ நேரமும் இல்ல, எடமும் இல்ல. இந்த கதவு போட்டீங்க. ஒருநா சும்மா உள்ள போயி தாழ்ப்பாள போட்டுப் பாத்தேன். பொறந்ததுலேருந்து நான் உள்பக்கமா ஒரு கதவ சாத்துனதே இல்லண்ணே. 'டக்'குன்னு ஒரு சத்தம் கேட்டுச்சு பாருங்க. அந்த சத்தத்துக்கே அழுவ வந்துருச்சு."

"அப்ப இருமுனது?" என்றாள் வேலாயி.

"தட்டுனா ஆளு இருக்குன்னு தெரியணும்ல?" என்றாள் மீனம்மா.

பழைய தேயிலைப் பெட்டிப் பலகை ஒன்று உள்ளே சுவரோரம் கிடந்தது. அதன்மேல் காலை மடக்கி உட்கார்ந்துகொள்வாளாம். நீங்கள் சந்துவழியாகக் கால்களைக் காணாததற்குக் காரணம் அதுதான். இக்னேசியஸ் ஐயா தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். பழனியாண்டி அவள் பக்கத்தில் போய் நின்றான், தொடவில்லை, நின்றான். "என்கிட்ட சொல்லியிருக்கலாமே" என்றான். "உனக்கும் அழுவ எடம் இல்லியே, உன்கிட்ட என்னத்த சொல்ல" என்றாள். அவன் அப்படியே படிக்கட்டில் உட்கார்ந்து, இத்தனை பேருக்கு முன்னால், இரண்டு வருடத்து அழுகையையும் அழுதான். யாரும் அவனைத் தடுக்கவில்லை. கடைசியில் வேலாயிதான் முதலில் வாயைத் திறந்தாள். "கந்தப்பண்ணே, எனக்கும் வாரத்துல ஒருநாளு அந்த எடத்த குடுப்பீங்களா? அரைமணி நேரம் போதும்" என்றாள். பின்னால் நின்ற பெண்கள் எல்லாம் வரிசையில் நின்றுவிட்டார்கள்.

அங்கேயே கமிட்டி கூடியது. ஆறாவதைப் பெண்களுக்கே விட்டுவிடுவது என்றும், விருந்தாளிக்கு ஏழாவது ஒன்று வெட்டுவது என்றும், ஆற்றோரம் போகிறவர்கள் சாவியை வாங்கிக்கொள்வது என்றும் முடிவாயிற்று. இருட்டுவதற்குள் ஆறு சாவியும் என் வீட்டிலிருந்து போய்விட்டது. நேற்று வேலை முடிந்து வந்தவர்கள் ஏழாவது குழிக்குக் கயிறு போட்டு அளந்துவிட்டார்கள்.

ஆகவே மதிப்புக்குரிய ஐயா, நீங்கள் அன்றைக்கு மழையில் நின்று கேட்டது பேயுமில்லை பிசாசுமில்லை, பெற்ற பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு தாய். இதில் பயப்பட ஒன்றுமில்லை என்பதை இந்த வயதில் நான் சத்தியமாக எழுதித் தருகிறேன். லெட்சுமி நல்ல பெண், ஐந்தாம் வகுப்பு படித்தவள், கொதிக்கவைக்காத தண்ணீரைக் குடிக்கவும் மாட்டாள், கொடுக்கவும் மாட்டாள். ஆவணி முடிவதற்குள், வருகிற ஞாயிற்றுக்கிழமையே, நீங்கள் குடும்பத்தோடு மறுபடியும் வரவேண்டும். ஏழாவது கக்கூஸை உங்கள் கையால்தான் திறக்க வேண்டும் என்று லயமே கேட்டுக்கொள்கிறது. உங்கள் வீட்டு அம்மாவுக்கு எங்கள் வணக்கம். மாப்பிள்ளைத் தம்பிக்கு எங்கள் ஆசி. வழுக்குகிற அந்தப் படியில் மணல் போட்டுவைத்திருக்கிறோம்.

இப்படிக்கு,
உங்கள் பதிலை வாசலில் நின்று பார்த்திருக்கும்,
கந்தப்பன்
(தலைவர், கீழ்ப் பிரிவு சுகாதாரக் கமிட்டி)

பின்குறிப்பு: 6.9.1961. கடிதத்தை உறையில் போடுமுன் பிழை பார்க்கச் சொல்லி லெட்சுமியிடம் கொடுத்தேன். முழுக்கப் படித்தாள். "அப்பா, இது சரியில்லியே" என்றாள். எந்த இடத்தில் எழுத்துப் பிழை என்று கேட்டேன். "எழுத்துப் பிழை இல்லப்பா. மாமா வந்த அன்னைக்கு மீனம்மா அக்கா நம்ம வீட்டுலதான இருந்துச்சு? அடுப்படியில எனக்கு தலை பின்னி, பூ வச்சு, அவுங்க கெளம்பிப் போற வரைக்கும் என் பக்கத்துலதான் நின்னுச்சு" என்றாள்.

நான் உடனே மீனம்மாவிடம் போனேன். ஆமாம் என்றாள். நூற்றுப் பன்னிரண்டு பேரை நிற்கவைத்த அந்த ஞாயிற்றுக்கிழமை? நிஜமாகவே விறகுக்குப் போனாளாம். பாதியிலேயே வந்து, கட்டை இறக்கிவைத்துவிட்டு, எங்கள் எல்லோருக்கும் பின்னால்தான் நின்றாளாம். பரிசோதகர் வந்த புதன்கிழமை? மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தாளாம். "அப்ப ஏன் எல்லாத்துக்கும் நான்தான்னு சொன்ன?" என்று கத்தினேன். "நான் எங்கண்ணே சொன்னேன்? அன்னைக்கு உள்ள இருந்தது நான்தான்னு சொன்னேன். மத்த நாளப் பத்தி நீங்க யாருமே கேக்கலையே" என்றாள். பிறகு, பீலியில் முறைக்கு நிற்பதைப் பற்றிப் பேசுவது போலச் சாதாரணமாகச் சொன்னாள். "நான் போறப்பவும் தட்டித்தான் போவேன். இருமல் கேட்டா தள்ளி நின்னுருவேன். கொஞ்ச நேரத்துல தாழ்ப்பாள் தானா வெலகும். கதவு தொறக்கும். உள்ள யாரும் இருக்க மாட்டாங்க, யாரும் வெளிய வரவும் மாட்டாங்க. நம்மள மாதிரி எடமில்லாம போன யாரோ ஒருத்தருன்னு நெனச்சிக்கிட்டேன். ரொம்ப மரியாதையான ஆளுண்ணே. இருமுறதக்கூட அதுகிட்டதான் கத்துக்கிட்டேன்."

இந்தக் கடிதத்தைக் கிழித்துவிடலாம் என்றுதான் இருந்தேன். லெட்சுமி விடவில்லை. "பொய்ய எழுதி என்னைய அனுப்ப வேணாம்ப்பா, உள்ளத அப்படியே எழுதிப் போடுங்க" என்கிறாள். பெண்களிடம் சொன்னேன், அவர்களும் ஆறாவதை விட்டுக்கொடுக்கச் சம்மதிக்கவில்லை. வாரத்தில் ஏழு நாளையும் பங்கு போட்டபோது, வெள்ளிக்கிழமையை மட்டும் யாருக்கும் கொடுக்காமல் தள்ளி வைத்திருக்கிறார்கள். ஏழாவதன் குழி இடுப்பளவு ஆகிவிட்டது. அதற்கு உள்பக்கம் தாழ்ப்பாள் வைப்பதா, வேண்டாமா என்பதில் கமிட்டியில் ஒற்றுமை இல்லை. விருந்தாளி என்ற முறையில் உங்கள் அபிப்பிராயத்தை, வருவதானாலும் வராவிட்டாலும், அடுத்த தபாலில் தெரிவிக்கவும்.